கட்சிக்காரர் வீட்டுப் பரணில் கிடக்கும் படங்களை ஆவணமாக்குவது எப்படி?

பழைய கட்சிப் படங்கள் ஒரு கட்டாகக் கையில் கிடைத்ததும் பெரும்பாலானவர்கள் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். அண்ணா இருக்கிறாரா, கலைஞர் இருக்கிறாரா, எம்.ஜி.ஆர். இருக்கிறாரா என்று தேடி, இருப்பதைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, மிச்சத்தைத் திரும்பவும் மஞ்சள் பையில் போட்டுப் பரணுக்கு அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு வேண்டியது அந்த மிச்சம். தலைவர்களின் படம் பத்திரிகைகளில் வந்திருக்கும், அறிவாலயத்தில் இருக்கும், சென்னையில் யாராவது சேர்த்து வைத்திருப்பார்கள். 1962இல் உங்கள் ஊர்க் கடைத்தெருவில் மூங்கில் தட்டியில் உதயசூரியன் வரைந்துகொண்டிருந்த பையனின் படம் உங்கள் பரணைத் தவிர வேறு எங்கும் இருக்காது.

நான் மாயவரத்துக்காரன். அப்பா ஸ்டூடியோ வைத்திருந்தார், பிறகு நான் நடத்தினேன். அப்பா எந்தக் கட்சியிலும் இல்லை, எல்லாக் கட்சி மேடைக்கும் போவார். கூட்டம் நடத்துகிறவர் எந்தக் கொடி பிடித்தாலும் போட்டோகிராபருக்குப் பாக்கி வைப்பார் என்பது அவருடைய அரசியல் ஞானம். அவர் விட்டுப்போன நெகட்டிவ் பெட்டிகளையும், சுற்று வட்டாரத்துக் கிளைக் கழகக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்தவற்றையும் ஒழுங்குபடுத்தியதில் எனக்குப் பிடிபட்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் தி.மு.க.வைச் சுற்றியும் அதிலிருந்து பிரிந்த அ.தி.மு.க.வைச் சுற்றியும் இருக்கும். எங்கள் பக்கத்துப் பரண்களில் கிடைப்பது அதுதான்.

முதலில், எதையும் கலைக்காதீர்கள். கட்டு எந்த வரிசையில் வந்ததோ அந்த வரிசையிலேயே செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ரப்பர் பேண்டில் இருந்த ஆறு படங்கள் ஒரே கூட்டத்தில் எடுத்தவையாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பிரித்து அழகாக அடுக்கிவிட்டால் அந்தத் தடயம் போய்விடும். கூடவே இருக்கும் நோட்டீஸ், நன்கொடை ரசீது, ஸ்டூடியோ கவர், பூத் ஸ்லிப் எதையும் குப்பை என்று ஒதுக்க வேண்டாம். படத்துக்குத் தேதி சொல்லப்போவது அவைதான்.

வேலையைத் தை, மாசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பழைய புரோமைடு பிரிண்டைப் பிரித்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்கவே கூடாது. கண்ணாடி மேலேயே சாய்வு வெளிச்சம் விழாத இடத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு அப்படியே விட்டுவிடுங்கள். பூஞ்சை பிடித்திருந்தால் ஈரத் துணி கூடாது. நிழலில் காற்றாட உலர்த்தி, மெல்லிய தூரிகையால் தட்டினால் போதும். நெகட்டிவ் பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாசனை வந்தால் அந்த பிலிம் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அதை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்து, முதலில் அதையே ஸ்கேன் செய்யுங்கள். பக்கத்தில் இருப்பதையும் அது கெடுக்கும்.

ஒரு விஷயம் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன்: லேமினேஷன் செய்யாதீர்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். அப்பாவின் ஒரே படம், அண்ணாவோடு நிற்கிறார், பத்திரமாக இருக்கட்டும் என்று பேருந்து நிலையத்துக்கு எதிர்க் கடையில் கொடுத்துச் சுடச்சுட பிளாஸ்டிக் ஏற்றிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அந்தப் படத்துக்கு யாரும் எதுவும் செய்ய முடியாது, பின்பக்க எழுத்தைக்கூட ஒழுங்காகப் படிக்க முடியாது. செல்லோ டேப், பெவிகால், ஒட்டும் பக்கம் வைத்த ஆல்பம் எல்லாமே இதே கதைதான். அமிலம் இல்லாத காகித உறை கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் பாலிபுரொப்பிலீன் உறை. பி.வி.சி. மட்டும் வேண்டாம். படத்தின் பின்னால் எழுத வேண்டுமென்றால் மென்மையான பென்சில், அதுவும் ஓரத்தில், அழுத்தாமல். பால்பாயின்ட் பேனா அழுத்தினால் முன்பக்கத்தில் யாராவது ஒருவர் முகத்தில் வரி விழும்.

ஸ்கேனிங் பற்றிச் சுருக்கமாக. பிரிண்டுக்கு 600 டி.பி.ஐ., 120 ரோல் நெகட்டிவுக்கு 2400 அல்லது அதற்கு மேல். மூலக் கோப்பு டிஃப் வடிவில் இருக்கட்டும், பகிர ஜேபெக் தனியாக எடுத்துக்கொள்ளலாம். கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலர் முறையிலேயே ஸ்கேன் செய்யுங்கள், பழுப்பும் கறையும்கூடத் தகவல்தான். ஓரத்தை வெட்டாதீர்கள், பின்பக்கத்தையும் தவறாமல் ஸ்கேன் செய்யுங்கள். மூலக் கோப்பில் கீறலை நீக்குவது, முகத்தைக் கூர்மையாக்குவது, வண்ணம் ஏற்றுவது எதுவும் கூடாது. இப்போது செயலிகள் ஒரு தட்டலில் கறுப்பு வெள்ளைக்கு வண்ணம் ஏற்றித் தருகின்றன. கறுப்பு சிவப்புக் கொடியை நீலமாக்கித் தந்ததை நானே பார்த்திருக்கிறேன். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது தலைவர் பெயர் வேண்டாம். சேகரிப்புக்கு ஒரு குறி, கட்டுக்கு ஒரு எண், படத்துக்கு ஒரு எண், அவ்வளவுதான். மற்றதெல்லாம் எக்செல் தாளில் யூனிகோடு தமிழில்.

நெகட்டிவைத் திருப்பி வைத்து ஸ்கேன் செய்துவிட்டால் இடம் வலமாகிவிடும். தட்டியில் எழுத்து இருந்தால் உடனே தெரியும். எழுத்தே இல்லாத படத்தில் சட்டைப் பையைப் பாருங்கள், ஆண்களின் சட்டைப் பை இடது மார்பில் இருக்கும்.

சரி, இனி தேதி கண்டுபிடிப்பது. இந்த வேலையில் எனக்கு ருசி கண்ட பகுதி இதுதான். 'எலெக்ஷன் டைமில் எடுத்தது' என்பதற்கு மேல் படம் கொடுத்தவருக்கே தெரியாது. ஆனால் சுவரும் தட்டியும் சொல்லிவிடும்.

சின்னங்களில் தொடங்குங்கள். 1949 செப்டம்பர் 17இல் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் தொடங்கிய தி.மு.க., தேர்தலில் நிற்பது என்று 1956 திருச்சி மாநாட்டில்தான் முடிவு செய்தது. ஆக, சொந்த வேட்பாளருக்கு ஓட்டுக் கேட்கும் தி.மு.க. படம் 1957க்கு முன் இருக்க முடியாது. 57இல் கட்சிக்கு அங்கீகாரம் இல்லை, வேட்பாளர்கள் சுயேச்சைக் கணக்கில்தான் நின்றார்கள், 15 பேர் ஜெயித்தார்கள். உதயசூரியன் கட்சிக்கென்று கிடைத்தது 1958இல். ஆனால் 57லேயே அந்தச் சின்னத்தில் நின்றவர்கள் உண்டு. அதனால் சூரியனைப் பார்த்த மாத்திரத்தில் 58க்குப் பிறகு என்று எழுதிவிடக் கூடாது.

சூரியன் தனியாக இருந்தால் பெரிதாக எதுவும் சொல்லாது. பக்கத்தில் என்ன சின்னம் இருக்கிறது என்பதுதான் விஷயம். ஒரே சுவரில் உதயசூரியனும் சுதந்திரா கட்சியின் நட்சத்திரமும் சேர்ந்து ஓட்டுக் கேட்டால் பெரும்பாலும் 1967. ராஜாஜியும் மார்க்சிஸ்டுகளும் முஸ்லிம் லீக்கும் அண்ணாவோடு ஒரே அணியில் நின்ற தேர்தல் அது. சூரியனோடு பசுவும் கன்றும் இருந்தால் 1971, இந்திரா காங்கிரசுடன் கூட்டு. எதிர்ச் சுவரில் ராட்டை நூற்கும் பெண் இருந்தால் அது காமராசரின் பழைய காங்கிரஸ். அதற்கு முந்தைய தேர்தல்கள் எல்லாவற்றிலும் காங்கிரசுக்கு நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளைதான். அதே பசுவும் கன்றும் இரட்டை இலையோடு ஜோடி சேர்ந்தால் 1977 மார்ச் நாடாளுமன்றத் தேர்தல். கை சின்னம் வந்தது 1978இல். சூரியனும் கையும் சேர்ந்த கறுப்பு வெள்ளைப் படம் 1980, இலையும் கையும் என்றால் 1984இலிருந்து. அ.தி.மு.க.வின் இரட்டை இலையைக் கண்டால் 1973 மே மாதத் திண்டுக்கல் இடைத்தேர்தலுக்கு முன்னால் போகவே முடியாது, அங்கேதான் அது முதலில் களம் கண்டது.

மிகச் சுலபமாகத் தேதி போடக்கூடியது 1989 ஜனவரித் தேர்தல். எம்.ஜி.ஆர். மறைந்து கட்சி இரண்டாகி இலை முடங்கியது. ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. எம்.ஜி.ஆர். படத்துக்குப் பக்கத்தில் சேவலைப் பார்த்தால் யோசிக்காமல் தேதி போட்டுவிடலாம்.

ஆட்களின் தோற்றமும் உதவும். எம்.ஜி.ஆர். தலையில் வெள்ளைத் தொப்பி ஏறியது 60களின் கடைசியில். தொப்பி இல்லாமல் தேர்தல் மேடையில் நின்றால் அதற்கு முந்தையது. கழுத்தில் கட்டோடு இருக்கும் எம்.ஜி.ஆர். சுவரொட்டி பின்னணியில் தெரிந்தால் 1967. ஜனவரி 12இல் சுடப்பட்டு, மருத்துவமனையில் இருந்தபடியே பரங்கிமலையில் ஜெயித்த தேர்தல் அது. கருணாநிதியின் தோளில் மஞ்சள் துண்டு வந்தது 90களில்தான்.

கொடியில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். திராவிடர் கழகக் கொடி கறுப்புத் துணியில் நடுவே சிவப்பு வட்டம். தி.மு.க. கொடி மேலே கறுப்பு, கீழே சிவப்பு. கம்யூனிஸ்ட் கொடி முழுச் சிவப்பு. பழைய ஆர்த்தோ பிலிம் சிவப்பு ஒளியை உணராது, சிவப்பெல்லாம் கறுப்பாகவே விழும். அந்த பிலிமில் எடுத்த படத்தில் மூன்று கொடியும் கிட்டத்தட்ட ஒரே கறுப்புத் துணியாகத் தெரியும். துக்கத்துக்குக் கறுப்புக் கொடி ஏற்றியிருக்கிறார்கள் என்று ஒரு நண்பர் குறிப்பே எழுதி வைத்திருந்தார். படத்தில் இருந்தது மே தின ஊர்வலம். பிந்தைய பான்குரோமேட்டிக் பிலிமில் சிவப்பு நடுத்தரச் சாம்பலாக விழும், அப்போது இரண்டு பட்டையும் பிரிந்து தெரியும். கறுப்பு சிவப்புக்கு நடுவே வெள்ளையாக ஓர் உருவம் விரல் நீட்டி நின்றால் அது அண்ணா, கொடி அ.தி.மு.க.வினுடையது, படம் 1972 அக்டோபருக்குப் பிந்தையது.

தட்டியில் இருக்கும் எழுத்தின் வடிவத்தையும் பாருங்கள். 'அண்ணா' என்பதில் ணா பழைய சுழியோடு இருக்கிறதா, 'சென்னை'யில் னை தும்பிக்கை போட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு ஆணையிட்டது 1978இல். அரசாங்கப் பலகையில் புது எழுத்து இருந்தால் அதற்குப் பிறகு என்று தைரியமாகச் சொல்லலாம். மறுபக்கம் வாதம் செல்லாது. சுவர் எழுதும் ஓவியர்கள் ரொம்ப காலம் பழைய எழுத்தை விடவில்லை. திராவிடர் கழக மேடையிலோ புது எழுத்து எப்போது வேண்டுமானாலும் வரலாம், விடுதலை பத்திரிகை 1935லேயே அதற்கு மாறிவிட்டது. பின்னணியில் 'மாயூரம்' என்ற பலகை தெரிந்தால் எங்கள் ஊருக்கு மயிலாடுதுறை என்று பெயர் மாறிய 1982க்கு முந்தையது. இதுபோல உங்கள் ஊருக்கும் ஏதாவது ஒரு அடையாளம் இருக்கும்: பேருந்து நிலையம் கட்டிய வருடம், ஒரு சினிமாக் கொட்டகை, ஒரு சிலை. கார் எண் பலகை தெளிவாக இருந்தால் உருப்பெருக்கிப் பாருங்கள். டி.என். போட்டு இரண்டு இலக்க எண் வருவது 1989இலிருந்துதான்.

நோட்டீஸ் கிடைத்தால் அதிர்ஷ்டம். பேச்சாளர் பட்டியல், தலைமை, முன்னிலை, நன்றியுரை என்று ஊரில் யார் யார் எந்த வரிசையில் இருந்தார்கள் என்பது முழுக்க அதில் இருக்கும். ஆனால் வருடம் இருக்காது. அச்சடித்த மறுவாரமே கூட்டம், வருடம் யாருக்குத் தெரியாது என்று விட்டுவிடுவார்கள். கிழமையை வைத்துப் பிடிக்கலாம். 'பிப்ரவரி 12 ஞாயிறு மாலை, வாக்களிப்பீர்' என்று இருந்தால், 1950 முதல் 1989 வரை அந்தத் தேதி ஞாயிறாக வந்தது 1950, 56, 61, 67, 78, 84, 89 ஆகிய வருடங்களில். பிப்ரவரியில் இங்கே பொதுத்தேர்தல் நடந்தது இதில் 67 மட்டும். முடிந்தது கதை.

எக்செல் தாளில் தேதிக்கு இரண்டு கட்டம் வையுங்கள், ஒன்றில் தேதி, இன்னொன்றில் அந்தத் தேதியை எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்ற காரணம். 'பின்சுவரில் சூரியன், பசு கன்று' என்று எழுதியிருந்தால் நாளைக்கு வேறொருவர் சரிபார்க்கலாம். காரணம் இல்லாத தேதியை நான் நம்புவதில்லை, மாவட்டச் செயலாளரே சொல்லியிருந்தாலும்.

அப்புறம் பெயர்கள். இதில்தான் அவசரம், ஏனென்றால் 67இல் இருபது வயதுப் பையனாகத் தட்டி கட்டியவருக்கு இப்போது எண்பதுக்கு அருகில். படத்தை ஏ4 தாளில் பெரிதாக அச்சடித்து, அதன் மேல் டிரேசிங் பேப்பர் வைத்து ஒவ்வொரு தலைக்கும் ஓர் எண் போடுங்கள். செல்போனில் காட்டினால் பெரியவர்கள் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு அனுப்பிவிடுவார்கள். கையில் தாளைக் கொடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

நீங்களாகப் பெயர் எடுத்துக் கொடுக்காதீர்கள். 'இது இன்னார்தானே ஐயா?' என்று கேட்டால் 'ஆமாம் தம்பி' என்றுதான் பதில் வரும். 'இந்த ஓரத்தில் நிற்கிறவர் யாருங்க?' என்று ஓரத்திலிருந்து உள்ளே வாருங்கள். மைக் செட்காரர், பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தூக்கி நிற்பவர், உண்டியல் குலுக்குபவர், மாலையைத் தட்டில் ஏந்தியிருக்கும் சிறுவன் எல்லோரையும் முதலில் கேளுங்கள். நடுவில் இருக்கும் தலைவரைப் பற்றித் தொடங்கினால் பேச்சு அவரைச் சுற்றியே ஓடி முடிந்துவிடும். இரண்டு கட்சிப் பெரியவர்களை ஒன்றாக உட்காரவைத்தால் இன்னும் நல்லது. சண்டை போடுவார்கள், அதில் நிறைய வெளியே வரும். சொல்லிவிட்டு அனுமதியோடு குரலைப் பதிவு செய்யுங்கள்.

பெயரை எழுதும்போது ஊரில் கூப்பிட்ட பெயரையும் வாக்காளர் பட்டியலில் இருக்கும் பெயரையும் தனித்தனியாக எழுதுங்கள். இயக்கத்துக்கு வந்து பெயரை மாற்றிக்கொண்டவர்கள் ஏராளம், நாராயணசாமி நெடுஞ்செழியனாகவும், இராமையா அன்பழகனாகவும் ஆன காலம் அது. வீட்டில் ஒரு பெயர், மேடையில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர் இருக்கும். பெண்கள் விஷயத்தில் கூடுதலாகக் கேட்க வேண்டும். மறியலில் கைதாகி வேனில் ஏறும் பெண்ணைக் காட்டினால் 'அது இன்னாரோட சம்சாரம்' என்பதோடு நிறுத்திவிடுவார்கள். அதைக் குறித்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய்ப் பெயரைக் கேட்டு வாருங்கள்.

கட்சி உடைந்த வருடங்களை நினைவில் வையுங்கள்: 1961இல் ஈ.வெ.கி. சம்பத், 1972இல் எம்.ஜி.ஆர்., 1993இல் வைகோ. ஒவ்வொரு உடைப்புக்குப் பிறகும் வீடுகளில் படங்களுக்குச் சேதம் நடந்திருக்கிறது. குழுப்படத்தில் ஒரு தலை மட்டும் பிளேடால் வெட்டியிருக்கும், அல்லது இந்தியன் இங்க் தடவியிருக்கும், அல்லது சட்டத்துக்குள் மடித்து மறைத்திருக்கும். ஸ்டூடியோவிலேயே டச்சிங் செய்து ஆளை எடுத்துக் கொடுத்ததும் உண்டு, அப்பாவும் செய்திருக்கிறார். அப்படிப்பட்ட படத்தைச் 'சேதமடைந்தது' என்று தூக்கிப் போடாதீர்கள், கணினியில் ஒட்டுப் போட்டுச் சரிசெய்யவும் வேண்டாம். ஊரில் அந்தப் பிளவு எவ்வளவு ஆழமாகப் பாய்ந்தது என்பதற்குத் தலைமைக் கழக வரலாற்றில் கிடைக்காத சாட்சி அது. வெட்டாத நெகட்டிவ் உங்களிடம் இருந்தால் இரண்டையும் அடுத்தடுத்த எண்ணில் வையுங்கள். மடித்த படத்தைப் பிரிக்கும்முன் மடித்த நிலையிலேயே ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

குறிப்பு எழுதும்போது பிற்காலப் பதவியை முன்னே இழுத்து வராதீர்கள். 1957 படத்தில் கருணாநிதி குளித்தலை வேட்பாளர், முதலமைச்சர் அல்ல. 1971 படத்தில் எம்.ஜி.ஆர். தி.மு.க.வின் பொருளாளர். படம் கொடுத்தவர் இன்று வேறு கட்சியில் இருப்பார், 'புரட்சித் தலைவர்' என்று போடு, 'முத்தமிழறிஞர்' என்று போடு என்பார். அவர் சொன்னதைக் குறிப்புக் கட்டத்தில் அவர் வாய்மொழியாகவே எழுதலாம். பெயர்க் கட்டத்தில் மட்டும் சி.என்.அண்ணாதுரை, மு.கருணாநிதி, எம்.ஜி.இராமச்சந்திரன் என்று ஒரே வடிவம் இருக்கட்டும். இல்லாவிட்டால் தேடும்போது பாதிதான் வரும்.

உரிமை பற்றி ஒரு வார்த்தை. நம் காப்புரிமைச் சட்டப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவர்தான் முதல் உரிமையாளர். பெரும்பாலான கூட்டப் படங்கள் இந்த வகை. ஆகவே ஸ்டூடியோக்காரனான நானே என் அப்பாவின் நெகட்டிவ் முழுவதற்கும் உரிமை கொண்டாட முடியாது. காப்புரிமைக் காலம் முன்பு பிரசுரமானதிலிருந்து 60 ஆண்டாக இருந்தது, 2012 திருத்தத்துக்குப் பிறகு பொதுவாகப் படம் எடுத்தவரின் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டும். பிரசுரமே ஆகாமல் பரணில் கிடந்த படத்தைப் பழசு என்ற ஒரே காரணத்தால் பொது உடைமை என்று நினைக்க வேண்டாம். குடும்பத்தாரிடம் எழுதி வாங்குங்கள். கைது, அடிதடி, சடலம் இருக்கும் படங்களை வெளியிடும் முன் தனியாகக் கேளுங்கள்.

பெரிய சேகரிப்பாக இருந்தால் நீங்களே எல்லாம் செய்ய வேண்டியதில்லை. சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தாரிடம் பேசிப் பாருங்கள். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்த புத்தகங்களிலிருந்து 1994இல் எழுந்தது அது, தனியார் சேகரிப்பின் அருமை அவர்களுக்குத் தெரியும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களை பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டத்தின் கீழ் மின்மயமாக்கியிருக்கிறது. அவர்கள் எப்படிப் பட்டியல் போட்டார்கள் என்று பார்த்தாலே பாதி வேலை புரியும். கட்சி அலுவலகத்துக்குக் கொடுப்பதாக இருந்தால் நகல் கொடுங்கள். மூலத்தைக் கொடுத்தால் பொறுப்பாளர் மாறும்போது அலமாரியும் மாறும்.

கோப்புகள் மூன்று இடத்தில் இருக்க வேண்டும்: கணினியில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, இன்னொரு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ ஒன்று. பென் டிரைவ் கணக்கில் சேராது. வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்ததும் சேராது, படத்தை அது நசுக்கிவிடும். ஹார்ட் டிஸ்க்கை ஆண்டுக்கு ஒருமுறையாவது சொருகித் திறந்து பாருங்கள். மூலப் படத்தை வாங்கும்போது எத்தனை படம், என்ன நிலையில் என்று கார்பன் வைத்து இரண்டு ரசீது எழுதி, ஒன்றில் அவர்கள் கையெழுத்தும் இன்னொன்றில் உங்கள் கையெழுத்தும் இருக்கட்டும். திருப்பிக் கொடுக்கப் போகும்போது ஓரத்தில் நின்று பெயர் கண்டுபிடிக்கப்பட்ட ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒரு பிரிண்ட் போட்டு எடுத்துப் போங்கள். அந்த வீட்டுப் பரணிலும் ஒரு கட்டு இருக்கும்.